25 ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள தூசியை எப்படி அறிகிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வேகா, ஃபோமல்ஹாட், பீட்டா பிக்டோரிஸ் போன்ற நட்சத்திரங்களைச் சுற்றித் தூசி வட்டு இருப்பதாகச் செய்திகளில் படிக்கிறீர்கள். நட்சத்திரமே தொலைநோக்கியில் வெறும் புள்ளியாகத் தெரியும்போது, அதைச் சுற்றியுள்ள தூசி மட்டும் எப்படித் தெரியும்? வெளியாகும் படங்கள் உண்மையா, ஓவியமா? ஃபோமல்ஹாட்டைச் சுற்றும் கோள் என்று 2008 இல் அறிவித்தது பிறகு கோளே இல்லை என்றானதே, அப்படியானால் தூசி வட்டை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: இவற்றில் எது அளந்து தெரிந்தது, எது ஊகித்துச் சொன்னது? நியாயமான கேள்வி. செய்திக் குறிப்புகள் இந்த இரண்டையும் ஒரே குரலில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பிய தரவிலிருந்து நட்சத்திரங்களின் ஒளி அளவைக் கணக்கிடுவதும், அதில் தூசியின் பங்கு உண்டா என்று பிரித்துப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கணினியில் உருவகித்துப் பார்ப்பவர்கள் வேறு. அந்தப் பகுதியில் நான் வாசகன் மட்டுமே. ஆகவே அளவீட்டைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவும், கோள்களைப் பற்றிச் சொல்வதைச் சற்று எச்சரிக்கையோடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியான பதில்: தூசி இருப்பது உறுதி. அது குளிர்ந்தது என்பதும், எவ்வளவு குளிர்ந்தது என்பதும் உறுதி. பெரும்பாலான நட்சத்திரங்களில் அந்தத் தூசி சரியாக எந்தத் தொலைவில் சுற்றுகிறது என்பது ஓரளவு ஊகம். அதன் நடுவே உள்ள இடைவெளியைக் கோள்தான் உண்டாக்கியது என்பது, அந்தக் கோளைத் தனியாகக் காணும்வரை, ஊகம் மட்டுமே.

முதலில் எப்படித் தெரிகிறது என்பது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற அலைநீளத்தில் அதிகமாக ஒளிர்கிறது. 2,898 என்ற எண்ணைக் கெல்வினில் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்யமாகக் கொண்ட அளவு) உள்ள வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கிடைத்துவிடும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின், அது 0.5 மைக்ரானில், அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியில், உச்சம் காட்டுகிறது. மனித உடல் 310 கெல்வின். 9 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பில் ஒளிர்கிறது. நட்சத்திரத்திலிருந்து வெகுதூரத்தில் சுற்றும் தூசி 50 முதல் 100 கெல்வின் வரைதான் இருக்கும். அது ஒளிர்வது 30 முதல் 60 மைக்ரான் வரை. இதில் நமக்கு வாய்ப்பான விஷயம் என்னவென்றால், அந்த அலைநீளத்துக்கு வரும்போது நட்சத்திரத்தின் ஒளி மிகவும் மங்கிவிடுகிறது. சூடான நட்சத்திரத்தின் ஒளி, நீண்ட அலைநீளங்களில், அலைநீளத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். 12 மைக்ரானிலிருந்து 60 மைக்ரானுக்குப் போனால் அலைநீளம் ஐந்து மடங்கு. ஒளி இருபத்தைந்தில் ஒரு பங்கு. நட்சத்திரம் அடங்கும் அதே இடத்தில் தூசி பிரகாசிக்கத் தொடங்குகிறது.

ஆனால் கோளைவிடத் தூசி எளிதாகத் தெரிவது ஏன்? காரணம் பரப்பளவு. ஒரு மஞ்சள் கிழங்கு உள்ளங்கையில் அடங்கிவிடும். அதையே இடித்துத் தூளாக்கித் தூவினால் முற்றமே மஞ்சளாகிவிடும். கணக்கும் கடினமில்லை. ஒரு கிலோமீட்டர் குறுக்களவுள்ள பாறையை ஒரு மைக்ரான் துகள்களாக அரைத்தால் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு நூறு கோடி மடங்கு பெருகும். அந்தத் தூசி எல்லாம் சேர்ந்து நட்சத்திர ஒளியை மறித்துச் சூடாகும் பரப்பு, பூமியின் வட்டப் பரப்பைப்போல் ஆறு மடங்கு வரும். மூன்று கிலோமீட்டர் பாறை என்றால் வியாழனையே மிஞ்சிவிடும். தொலைவிலிருந்து பார்க்கும் நமக்குப் பொருளின் எடை தெரிவதில்லை, பரப்புதான் தெரிகிறது. அதனால்தான் கோளைக் காண முடியாத இடத்திலும் தூசியைக் காண முடிகிறது.

இதை முதலில் காட்டிக்கொடுத்தது ஐராஸ் என்ற செயற்கைக்கோள். அமெரிக்காவும் நெதர்லாந்தும் பிரிட்டனும் சேர்ந்து 1983 ஜனவரியில் ஏவியது. அதன் ஆடி 57 செ.மீ. மட்டுமே. அதன் பலம் குளிரில் இருந்தது. அறை வெப்பநிலையில் உள்ள தொலைநோக்கி தானே 10 மைக்ரானில் ஒளிரும். மேலே உள்ள காற்றும் ஒளிரும். காற்றிலுள்ள நீராவியோ, அகச்சிவப்பின் நீண்ட அலைநீளப் பகுதியான தூர அகச்சிவப்பைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடும். ஆகவே கருவியைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி, வளிமண்டலத்துக்கு மேலே அனுப்பினார்கள். 12, 25, 60, 100 மைக்ரான் என நான்கு அலைநீளங்களில் வானத்தின் 96 சதவீதத்தை அது அளந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஹீலியம் தீர்ந்ததும் பணி முடிந்தது.

வேகா அந்தப் பணியின் அளவுகோல். நம் மரபில் அபிஜித் என்று சொல்லும் நட்சத்திரம். 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. மற்ற நட்சத்திரங்களின் பிரகாசத்தை நெடுங்காலமாக அதை வைத்துத்தான் ஒப்பிட்டு வந்தார்கள். ஹார்ட்மட் ஔமனும் ஃபிரெட் கில்லெட்டும் கருவியைச் சரிபார்க்க வேகாவை அளந்தபோது 12 மைக்ரானில் எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தது. 25 மைக்ரானில் கொஞ்சம் கூடுதல். 60 மைக்ரானில் பல மடங்கு. 100 மைக்ரானில் பத்து மடங்குக்கும் மேல். இப்படி வந்தால் எங்கள் தொழிலில் முதலில் வரும் சந்தேகம் கருவியின் மீதுதான், நட்சத்திரத்தின் மீதல்ல. அவர்களும் அதையே செய்தார்கள். அதே கருவியில், அதே முறையில் அளந்த வேறு பிரகாசமான நட்சத்திரங்கள் எதிர்பார்த்தபடியே இறங்கின. ஆகவே பிழை கருவியில் இல்லை. பிறகு வேகாவின் குறுக்கே மெதுவாக வருடிப் பார்த்தபோது, 60 மைக்ரானில் அது புள்ளியாக இல்லாமல் சற்று அகன்று தெரிந்தது. கூடுதல் ஒளி நட்சத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து வரவில்லை, அதைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே சான்று. அவர்கள் கணக்கிட்ட வெப்பநிலை சுமார் 85 கெல்வின். தொலைவு, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப்போல் சுமார் 85 மடங்கு.

இங்கே கவனியுங்கள், இது படமே இல்லை. நான்கு எண்கள், ஒரு வருடல், அவ்வளவுதான். ஆனாலும் "குளிர்ந்த பொருள் வேகாவைச் சுற்றி இருக்கிறது" என்ற முடிவு அன்றிலிருந்து இன்றுவரை அசையவில்லை. பின்வந்த ஸ்பிட்சர், ஹெர்ஷல், வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் எல்லாம் அதை உறுதிசெய்து, விவரம் சேர்த்தன.

படம் வேண்டும் என்பவர்களுக்கு அடுத்த ஆண்டே கிடைத்தது. ஐராஸ் பட்டியலில் இதேபோல் கூடுதல் ஒளி காட்டிய மற்றொரு நட்சத்திரம் பீட்டா பிக்டோரிஸ், 63 ஒளியாண்டு. 1984 இல் பிராட்ஃபோர்ட் ஸ்மித், ரிச்சர்ட் டெரில் இருவரும் சிலியில் உள்ள லாஸ் கம்பானாஸ் ஆய்வகத்தின் 2.5 மீட்டர் தொலைநோக்கியில், நட்சத்திரத்தின் நேரடி ஒளியை மறைக்கும் கொரோனாகிராஃப் கருவியை வைத்துப் படமெடுத்தார்கள். நட்சத்திரத்தின் இருபுறமும் நீண்டு மெலிந்த ஒளிக்கீற்று தெரிந்தது: நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கும் வட்டு. இது தூசியின் சொந்த வெப்பமல்ல, தூசி சிதறடித்த நட்சத்திர ஒளி. ஒரு கருவி வெப்பத்தை அளந்தது. முற்றிலும் வேறான இன்னொரு கருவி சிதறிய ஒளியைப் பிடித்தது. இரண்டும் ஒரே பொருளைச் சொல்லின. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் மிக வலுவான வாதம் இதுதான். அந்த நட்சத்திரத்தை நீங்களே பார்க்கலாம். பிப்ரவரி முன்னிரவில், விளக்கொளி இல்லாத இடத்தில், தெற்கே அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸுக்குச் சற்று மேற்கே மங்கலாக இருக்கும். வட்டு தெரியாது, நட்சத்திரம் தெரியும்.

தூசி இருப்பதைவிட முக்கியமான கேள்வி, அது ஏன் இன்னும் இருக்கிறது என்பது. நுண்ணிய தூசிக்கு ஆயுள் குறைவு. மிகச் சிறிய துகள்களை நட்சத்திர ஒளியின் அழுத்தமே வெளியே தள்ளிவிடும். சற்றுப் பெரியவை, ஒளியை வாங்கி எல்லாத் திசையிலும் திருப்பி விடுவதால் தம் சுற்று வேகத்தைச் சிறிது சிறிதாக இழந்து, சுருள் பாதையில் நட்சத்திரத்தை நோக்கிச் சரியும். இதை பாய்ண்டிங்–ராபர்ட்சன் இழுவை என்பார்கள். அதற்கு முன்பே ஒன்றோடொன்று மோதி மேலும் பொடியாவதும் உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் இந்தத் தூசி சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. ஃபோமல்ஹாட்டின் வயதோ சுமார் 44 கோடி ஆண்டுகள். பிறக்கும்போது இருந்த தூசி எப்போதோ போயிருக்க வேண்டும். இன்று தெரிவது புதிதாக உண்டாகிக்கொண்டிருப்பது. அப்படியானால் அங்கே மோதி உடையும் பெரிய பாறைகளும் பனிக்கட்டி உருண்டைகளும், நெப்டியூனுக்கு அப்பால் உள்ள நம் கைப்பர் பட்டையில் இருப்பவை போன்றவை, இருந்தாக வேண்டும். அந்தப் பாறைகளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இந்த முடிவு கணக்கிலிருந்து தவிர்க்க முடியாமல் வருவது. நான் இதை உறுதியானவற்றின் பக்கமே வைப்பேன்.

இவற்றை, புதிதாய்ப் பிறந்த நட்சத்திரங்களைச் சுற்றியுள்ள வட்டுகளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2014 இல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி வெளியிட்ட எச்.எல். டாரி நட்சத்திரத்தின் படத்தை, ஆரஞ்சு நிறத்தில் வளையம் வளையமாக, நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது பத்து லட்சம் ஆண்டுகூட ஆகாத நட்சத்திரம். அதைச் சுற்றி இருப்பது பிறப்பில் மிஞ்சிய வாயுவும் தூசியும். இளம் நட்சத்திரக் கூட்டங்களை வயதுவாரியாக அகச்சிவப்பில் எண்ணிப் பார்த்ததில், சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்குள் பாதி நட்சத்திரங்கள் அப்படிப்பட்ட வட்டை இழந்துவிடுவது தெரிந்தது. வியாழன் போன்ற வாயுக் கோள்கள் உருவாக வேண்டுமானால் அந்தக் கெடுவுக்குள் உருவாகிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இந்த எண்ணிக்கையிலிருந்து வந்ததுதான்.

இனி அளவீட்டின் எல்லைகளுக்கு வருகிறேன். ஒரு நட்சத்திரத்தின் கூடுதல் ஒளியிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது தூசியின் வெப்பநிலையும் மொத்தப் பரப்பும். அந்த வெப்பநிலையைத் தொலைவாக மாற்றும்போதுதான் ஊகம் நுழைகிறது. பெரிய துகள் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறதோ அதைத் திறமையாக வெளியே விட்டுவிடும். நுண்துகளால் தன் அளவைவிட நீண்ட அலைநீளத்தில் நன்றாக ஒளிர முடியாது. அதனால் அதே தொலைவில் இருந்தாலும் அது கூடுதல் சூடாக இருக்கும். சூடாக இருப்பதைப் பார்த்து, "நட்சத்திரத்துக்கு அருகில் இருக்கிறது" என்று முடிவுகட்டினால் தவறிவிடுவோம். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹெர்ஷல் தொலைநோக்கி, 3.5 மீட்டர் ஆடியுடன், பல வட்டுகளை உண்மையிலேயே அகலமாகப் பிரித்துக் காட்டியபோது, வெப்பநிலையிலிருந்து கணக்கிட்ட அளவைவிட அவை பெரியவையாக, சில இடங்களில் இரண்டு மடங்குக்கும் மேலாக, இருந்தன. ஆகவே "40 வானியல் அலகு தொலைவில் தூசிப் பட்டை" (ஒரு வானியல் அலகு என்பது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம்) என்று எங்காவது படித்தால், அது படத்தில் பிரித்துப் பார்த்ததா, வெப்பநிலையிலிருந்து கணக்கிட்டதா என்று பாருங்கள். இரண்டாவதானால் அதை "குறைந்தது 40" என்று படிப்பதே சரி.

அலைநீளம் மாறினால் பார்க்கும் துகளும் மாறும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஹபிள் படம் பிடிப்பது ஒளியைச் சிதறடிக்கும் மைக்ரான் துகள்களை. ஆல்மா மில்லிமீட்டர் அலைகளில் காண்பது மணல் பருமனுள்ளவற்றை. மணல் பருமனுள்ள துகளை ஒளி அழுத்தம் எளிதில் தள்ளாது, அது பிறந்த இடத்திலேயே இருக்கும். அதனால் பாறைகள் மோதும் இடம் எது என்று அறிய ஆல்மா வளையத்தைப் பார்ப்பேன். தூசி எங்கெல்லாம் பரவியது என்று அறிய ஹபிளையும் வெப்பையும் பார்ப்பேன். ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு படங்கள் ஒத்துப்போகாமல் இருந்தால் அதில் முரண் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

தூசி எதனால் ஆனது என்பதற்கு, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை உதவுகிறது. கல்லில் உள்ள சிலிகேட் 10 மைக்ரானை ஒட்டி ஒரு மேட்டைக் காட்டும். அந்த மேட்டின் வடிவம் துகள் படிகமா, நுண்ணியதா என்பதையும் சொல்லும். 2025 இல் வெப் தரவிலிருந்து, 155 ஒளியாண்டு தொலைவில் உள்ள எச்.டி. 181327 என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டில் படிக வடிவ நீர்ப்பனி இருப்பது தெரியவந்தது. இது ஊகமல்ல, பனியின் கையொப்பம் நிறமாலையிலேயே உள்ளது. ஆனால் குளிர்ந்த பல வட்டுகளில் இப்படிப்பட்ட மேடு எதுவும் தெரிவதில்லை. அங்கே தூசியின் கலவையைப் பற்றி அழுத்தமாகப் பேசுபவரை நம்ப நான் தயங்குவேன்.

ஏமாற்றங்களும் உண்டு, அவற்றை விலக்குவதில்தான் என் வேலையின் பெரும்பகுதி கழிகிறது. தூர அகச்சிவப்பில் வானம் வெறுமையாக இருப்பதில்லை. நம் பால்வழியின் மெல்லிய தூசி மேகங்கள் எங்கும் படர்ந்திருக்கின்றன. பின்னால் ஏராளமான தூசி நிறைந்த கேலக்ஸிகள் ஒளிர்கின்றன. தொலைநோக்கியின் பார்வை மங்கலாக இருக்கும்போது, நட்சத்திரத்துக்குப் பின்னால் தற்செயலாக நிற்கும் கேலக்ஸியின் ஒளியும் நட்சத்திரத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு நட்சத்திரத்தைச் சோதிக்கும்போது எல்லா அலைநீளப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒளியின் மையம் நகர்கிறதா என்று பார்ப்பேன். குட்டை அலைநீளத்தில் மையம் நட்சத்திரத்தின் மேல் இருந்து, நீண்ட அலைநீளத்துக்குப் போகப்போக ஒரு பக்கமாக விலகினால், அந்தக் கூடுதல் ஒளி நட்சத்திரத்தினுடையது அல்ல. அந்த நட்சத்திரத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன். பட்டியல் சுருங்குவதில் வருத்தமில்லை, மிஞ்சியது நிற்கும்.

2024 இல் ஏழு செங்குறு நட்சத்திரங்களில் (சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த, சிவந்த நட்சத்திரங்கள்) காரணம் தெரியாத அகச்சிவப்புக் கூடுதல் இருப்பதாக ஒரு ஆய்வு வந்ததும், வேற்றுலக நாகரிகம் நட்சத்திரத்தைச் சுற்றிக் கட்டிய கட்டுமானமாக இருக்கலாம் என்று செய்திகள் பரவின. சில வாரங்களில் வேறொரு குழு ரேடியோ தரவைப் பார்த்து, அவற்றில் மூன்றின் அருகே ரேடியோ அலை வீசும் மூலங்கள் இருப்பதைக் காட்டியது. தூசியில் மறைந்த தொலைதூர கேலக்ஸிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் ஆய்வைச் செய்தவர்களும் கட்டுமானம் என்பதை ஒரு சாத்தியமாகவே முன்வைத்தார்கள். அந்தத் தயக்கம் செய்திகளுக்குள் வரும்போது காணாமல்போய்விட்டது.

இப்போது ஃபோமல்ஹாட். நவம்பர் முன்னிரவில் தென்வானத்தில் அருகே வேறு பிரகாசமான நட்சத்திரம் இல்லாமல் தனியே நிற்பது அதுதான். 2005 இல் பால் கலாஸும் சக ஆய்வாளர்களும் ஹபிள் மூலம் அதன் தூசி வளையத்தைத் துல்லியமாகப் படமெடுத்தார்கள். சுமார் 140 வானியல் அலகு தொலைவில் கூர்மையான உள்விளிம்புடன் ஒரு வளையம். அதன் மையம் நட்சத்திரத்திலிருந்து 15 வானியல் அலகு விலகியிருந்தது. கோள் ஒன்று இழுப்பதால் இப்படி ஆகலாம் என்பது நல்ல ஊகம். 2008 இல், வளையத்துக்குச் சற்று உள்ளே ஒரு புள்ளி 2004 க்கும் 2006 க்கும் இடையே நகர்ந்திருப்பதைக் காட்டி அதைக் கோள் என்று அறிவித்தார்கள். அது நகர்ந்தது உண்மை. நட்சத்திரத்தைச் சேர்ந்தது என்பதும் உண்மை. ஆனால் ஒரு விஷயம் ஆரம்பத்திலிருந்தே இடறியது: அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசமாக இருந்தும் அகச்சிவப்பில் தெரியவில்லை. ஸ்பிட்சர் 4.5 மைக்ரானில் தேடியும் கிடைக்கவில்லை. பெரிய கோளாக இருந்தால் உள்ளிருக்கும் வெப்பத்தால் அகச்சிவப்பில்தான் முதலில் தெரிய வேண்டும். பிறகு அதன் பாதை மிக நீண்ட நீள்வட்டம் என்று தெரிந்தது. 2014 ஹபிள் படங்களில் அது இல்லை. 2020 இல் ஆந்த்ராஷ் காஷ்பாரும் ஜார்ஜ் ரீக்கியும் எல்லாப் படங்களையும் ஒன்றாக எடுத்து ஆராய்ந்து, அது விரிந்துகொண்டே மங்கிய தூசி மேகம் என்றும், சுமார் 200 கி.மீ. அளவுள்ள இரண்டு பனிப்பாறைகள் மோதியதில் உண்டானது என்றும் விளக்கினார்கள். இதுவரை கிடைத்த அத்தனை அளவீடுகளோடும் ஒத்துப்போகும் விளக்கம் அதுவே.

உங்கள் சந்தேகத்துக்கு இங்கேதான் பதில். விழுந்தது கோள் என்ற விளக்கம்; தூசி வளையம் அல்ல. தூசியின் கூடுதல் ஒளியை ஐராஸ் அளந்தது; வளையம் ஹபிள், ஹெர்ஷல், ஆல்மா எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்கிறது. 2023 இல் வெப் அதற்கு உள்ளே மேலும் இரண்டு பட்டைகளைக் காட்டியது. அதே படத்தில் வெளி வளையத்தின் ஓரிடத்தில் பெரிய தூசி மேகம் ஒன்றும் இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஆல்மா, கெக் தொலைநோக்கிகளின் தரவைப் பார்த்தவர்கள் அது பின்னணி கேலக்ஸி என்று காட்டினார்கள். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஃபோமல்ஹாட் வானத்தில் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருக்கிறது, அதைச் சேர்ந்தது எதுவும் கூடவே நகரும், பின்னணியில் உள்ளது அங்கேயே நிற்கும். பொறுமை மட்டும் வேண்டும்.

தூசியைப் பார்த்துக் கோளைச் சொல்வது எப்போதும் பொய்த்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பீட்டா பிக்டோரிஸ் வட்டின் உட்பகுதி சற்று வளைந்து சாய்ந்திருப்பதை ஹபிள் காட்டியது. அந்த வளைவை உண்டாக்க, வட்டின் தளத்துக்குச் சாய்வான பாதையில் ஒரு கனத்த கோள் வேண்டும் என்று 1997 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 2003 இல் சிலியின் பெருந்தொலைநோக்கியில் அகச்சிவப்பில் எடுத்த படங்களில் அன்-மரி லக்ராஞ்ச் குழுவினர் ஒரு புள்ளியைக் கண்டார்கள். அவசரப்படவில்லை. அது நட்சத்திரத்தின் மறுபக்கம் வந்ததை 2009 படங்களில் பார்த்த பிறகு, 2010 இல் உறுதியாக அறிவித்தார்கள். வியாழனைப்போல் பத்து மடங்கு அளவு எடையுள்ள அந்தக் கோள் அகச்சிவப்பில் தன் சொந்த வெப்பத்தால் ஒளிர்கிறது. ஃபோமல்ஹாட்டில் இல்லாமல்போன அதே சான்று இங்கே கிடைத்தது.

வேகா இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. 2024 இல் வெப், ஹபிள் இரண்டையும் வைத்துப் பார்த்ததில் அதன் வட்டு வியக்கத்தக்க அளவு வழவழப்பாக இருந்தது. பெரிய கோள் உழுத தடம் எதுவும் தெளிவாக இல்லை. ஏறத்தாழ ஒரே வகை, ஒரே தொலைவு, நெருங்கிய வயது கொண்ட ஃபோமல்ஹாட்டில் மூன்று பட்டைகள். வேகாவில் ஒரே பரப்பு. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்னும் வரவில்லை. இந்தத் துறையில் இன்று என்னை அதிகம் ஈர்ப்பது இந்தப் புதிர்தான்.

இந்த வட்டுகள் மாறாமல் இருப்பவை என்ற எண்ணமும் உடைந்துவிட்டது. டி.ஒய்.சி. 8241 2652 1 என்ற சூரியனைப் போன்ற இளம் நட்சத்திரம் 1983 இல் ஐராஸ் அளந்தபோதும் 2008 இலும் வெந்தூசியால் பிரகாசித்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளுக்குள் அந்த ஒளி சுமார் 30 மடங்கு விழுந்துவிட்டது. 2012 இல் இதை அறிவித்தவர்கள் பல சாத்தியங்களைப் பட்டியலிட்டார்கள். எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. பீட்டா பிக்டோரிஸிலும் 2004-05 இல் ஸ்பிட்சர் கண்ட நுண்தூசியின் தடயம் 2023 இல் வெப் பார்த்தபோது இல்லை. பெரிய மோதல் ஒன்றில் கிளம்பிய தூசி அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். தடயம் மறைந்தது அளவீடு. மோதல் என்பது நல்ல ஊகம்.

படங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெப், ஹபிள், ஆல்மா படங்கள் உண்மைத் தரவு. நிறங்கள் மட்டும் நாம் கொடுத்தவை, ஏனென்றால் வெப்பும் ஆல்மாவும் பிடிக்கும் ஒளிக்குப் பெரும்பாலும் கண்ணறியும் நிறம் கிடையாது. நடுவில் தெரியும் கறுப்பு வட்டம் நட்சத்திர ஒளியை மறைத்த இடம். அங்கே எதுவும் இல்லை என்று பொருளல்ல. பாறைகள் மோதித் தீப்பொறி பறப்பது போன்ற படங்கள் ஓவியம். அவற்றின் கீழே ஓவியர் வரைந்தது என்ற குறிப்பு இருக்கும். மறுபதிப்பில் அந்தக் குறிப்பை வெட்டிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

கடைசியாக, பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. ஹெர்ஷல் ஆய்வுகளில், அருகிலுள்ள சூரியனைப் போன்ற நட்சத்திரங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் குளிர்ந்த தூசி தெரிந்தது. மற்ற நான்கில் தூசியே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. வேகாவின் தூசி, நட்சத்திர ஒளியில் ஒரு லட்சத்தில் இரண்டு பங்கை வாங்கி வெப்பமாக வெளியிடுகிறது. பீட்டா பிக்டோரிஸில் அதைப்போல் நூறு மடங்கு. நம் கைப்பர் பட்டையின் தூசிக்கு மதிப்பிடப்படுவது ஒரு கோடியில் ஒரு பங்கு அளவுதான். ஹெர்ஷலின் மிக நல்ல அளவீடுகூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கை ஒட்டி நின்றுவிடும். அதாவது வேகாவிலிருந்து ஹெர்ஷலை வைத்து நம் சூரியனைப் பார்த்திருந்தால், தூசி இல்லாத நட்சத்திரங்களின் பட்டியலில்தான் சூரியனும் சேர்ந்திருக்கும். ஹெர்ஷலுக்குப் பிறகு தூர அகச்சிவப்புக்கென்று குளிரூட்டிய விண்வெளித் தொலைநோக்கி எதுவும் ஏவப்படவில்லை. வெப்பின் பார்வை 28 மைக்ரானை ஒட்டி முடிந்துவிடுகிறது. 2024 இல் நாசா விரிவான ஆய்வுக்காகத் தேர்ந்தெடுத்த இரண்டு திட்டங்களில் பிரைமா என்ற தூர அகச்சிவப்புத் தொலைநோக்கியும் ஒன்று. அப்படி ஒன்று மேலே போகும்வரை, நம்முடையதைப் போன்ற மெல்லிய பட்டைகள் எத்தனை நட்சத்திரங்களைச் சுற்றி இருக்கின்றன என்ற கேள்விக்கு எண்ணைச் சொல்லிப் பதில் தர எங்களால் இயலாது.